இரண்டு பற்றறி இருந்தால் இரட்டைப் பலமா?



ரயர் மாற்றுவது பற்றிச் சென்ற மாதம் எழுதியதைத் தொடர்ந்து பல கடிதங்கள் வந்தன. அவற்றில் ஒன்றுக்கு இம்முறை விரிவாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. எழுதியவரின் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். வீட்டில் ஒரு சிறிய கார் நிற்கிறது. சகோதரி சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து இரண்டு வருடங்கள். ஆனாலும் மாமியாரைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லும் நாட்களில் மட்டும்தான் காரை வெளியே எடுக்கிறார். "அந்த நாள் பார்த்துத்தான் ஸ்ரார்ட் வராது அக்கா. பக்கத்து வளவில் லொறி நிற்கிறது. அதில் இரண்டு பற்றறி இருக்கிறதாம். அதிலிருந்து கேபிள் போட்டு எடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

எடுக்க வேண்டாம் என்பதுதான் என்னுடைய முதற் பதில். ஆனால் "இரண்டு பற்றறி உள்ள எந்த வண்டியிலிருந்தும் எடுக்கக்கூடாது" என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். பாலர் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் என்னுடைய டொல்பின் வானிலும் இரண்டு பற்றறிகள்தான் இருக்கின்றன. சித்திரை வருடப்பிறப்பன்று மருதடிப் பிள்ளையாரின் தேர் பார்த்துவிட்டு வெளியே வந்தால், ஒழுங்கை நிறைய நிற்கும் கார்களில் ஒன்றிரண்டாவது மூச்சில்லாமல் கிடக்கும். என்னுடைய வானிலிருந்து அவற்றுக்குப் பல தடவை கேபிள் கொடுத்திருக்கிறேன். என் வானிலும் இரண்டு, லொறியிலும் இரண்டு. அப்படியிருக்க ஒன்றிலிருந்து எடுக்கலாம், மற்றதிலிருந்து எடுக்கக்கூடாது என்பது ஏன்?

உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே உயரத்தில் இரண்டு தாங்கிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடியில் ஒரு குழாயால் இணைத்தால் என்ன நடக்கும்? தண்ணீர் இரண்டு மடங்கு இருக்கும். ஆனால் குசினிப் பைப்பில் தண்ணீர் வரும் வேகம் கூடாது. அதே இரண்டாவது தாங்கியை முதல் தாங்கியின் தலைக்கு மேல் அதே அளவு உயரத்துக்கு ஏற்றினால் பைப்பில் அழுத்தம் கூடிவிடும். பழைய பைப் என்றால் மூட்டு கழன்று போகும். பற்றறியும் இப்படித்தான். நேர் முனையை நேர் முனையோடும், மறை முனையை மறை முனையோடும் சேர்த்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்த தாங்கிகள். 12 வோல்ற் 12 வோல்ற்றாகவே இருக்கும். நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். என்னுடைய வான் அந்த வகை. ஜப்பானில் பனிப் பிரதேசங்களுக்கென்று செய்த டீசல் வான்களில் குளிரில் எஞ்சினைச் சுற்றக் கூடுதல் பலம் வேண்டும் என்பதற்காக இப்படி இரண்டு வைத்தார்கள். அவை கைமாறி எங்கள் வெயிலுக்கு வந்து சேர்ந்தன.

ஒரு பற்றறியின் நேர் முனையை மற்றதன் மறை முனையோடு கட்டினால், அது ஒன்றின் தலையில் ஒன்று ஏற்றிய தாங்கி. 12உம் 12உம் சேர்ந்து 24 வோல்ற். பஸ்களிலும் பெரிய லொறிகளிலும் இருப்பது இதுதான். கன்ரர், எல்ஃப் போன்ற ஜப்பான் லொறிகளிலும் பெரும்பாலும் இதுதான். சாதாரண தரத்தில் பிள்ளைகள் படிக்கும் விஞ்ஞானப் புத்தகத்தில் முதலாவதைச் சமாந்தர இணைப்பு என்றும் இரண்டாவதைத் தொடர் இணைப்பு என்றும் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் பத்தாம், பதினோராம் ஆண்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள். இதே மானிப்பாயில் 1860களில் கிறீன் வைத்தியர் மேல்நாட்டு மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார். உடம்பின் எலும்பையும் நரம்பையும் தமிழில் சொல்ல முடிந்த ஊரில், காரின் நரம்பை மட்டும் ஏன் ஆண்பிள்ளைகளின் பாஷை என்று ஒதுக்கி வைத்தோமோ தெரியவில்லை.

24 வோல்ற்றை 12 வோல்ற் காருக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீடுகளில் அநேகர் வேறொரு விதத்தில் கண்டிருப்பீர்கள். கனடாவிலிருந்து வரும் உறவினர் ஆசையோடு கொண்டுவந்து தரும் கிறைண்டர் அங்கத்தைய 120 வோல்ற்றுக்குச் செய்தது. எங்கள் சுவரில் வருவது 230. செருகிய உடனே ஒரு வேகம் எடுக்கும், "என்ன அருமையாய் அரைக்குது" என்று நினைப்பதற்குள் கருகிய மணம் வரும். காரிலும் அதே கதைதான். இரட்டை வோல்ற் கொடுத்தால் மின்தடை மாறாத பாகங்களில் மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிக்கும். வோல்ற்றும் இரட்டிப்பதால் வெப்பமோ ஏறத்தாழ நான்கு மடங்காகும். பழைய காரில் இரண்டு பல்ப் போவதோடு முடியலாம். இன்றைய கார்களில் எஞ்சினுக்கு ஒரு கணினி, காற்றுப்பைக்கு ஒன்று, ஸ்ரியரிங்குக்கு ஒன்று என்று பல இருக்கின்றன. இறங்கிக் கிடக்கும் பற்றறிக்குள் அளவுக்கு மிஞ்சிப் பாயும் மின்னோட்டம் உள்ளே இருக்கும் அமிலத்தைக் கொதிக்க வைத்து வாயுவைக் கிளப்பும். ஒரு சிறு தீப்பொறி போதும், பற்றறி வெடித்துவிடும்.

எனக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருத்தி வேறு ஊரில் இருக்கிறாள். அவளுடைய காருக்கு உதவி செய்ய வந்தவர் நல்ல மனதோடுதான் லொறியை ஓடவிட்டபடியே கேபிள் கொடுத்தார். கார் உடனே ஸ்ரார்ட் ஆனது. எல்லோருக்கும் சந்தோஷம். பத்து நிமிடத்தில் முன் பலகையில் இருந்த விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரியத் தொடங்கின. பிறகு எஞ்சின் நின்றது, நின்றதுதான். எஞ்சின் கணினியும் ஒல்ரனேற்றரும் போய்விட்டன. அது 2021. புதிய வாகன இறக்குமதி நின்றிருந்த காலம். பாவித்த உதிரிப்பாகங்களுக்கும் யானை விலை. அவள் காப்புச் சோடியை வங்கியில் வைத்துத்தான் காரை எடுத்தாள். அந்தக் கார் இல்லையென்றால் அவளுடைய தையல் வேலைக்கு ஓடர் கொண்டுபோய்க் கொடுக்க வழியில்லை.

இதை எழுதும்போது லொறிச் சாரதிகளைக் குறை சொல்லுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடந்த மாரியில் நடந்ததையும் சொல்லுகிறேன். எங்கள் ஒழுங்கையில் ஓர் அம்மாவுக்கு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு முறை. காலை ஆறு மணிக்கு வெளிக்கிட வேண்டும். முறையைத் தவறவிட்டால் மூச்சு முட்டத் தொடங்கிவிடும். மருமகள் சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' என்ற சத்தம் மாத்திரம். என்னுடைய வான் அன்று கராஜில். மரக்கறி ஏற்ற வந்த லொறி ஒன்று சந்திக்குக் கிட்ட நின்றது. சாரதிப் பெடியன் கூப்பிட்டவுடன் ஓடிவந்தான்.

"இதில ரெண்டு பற்றறி இருக்கு அக்கா. ஒண்டு குடுத்தாலே பாயும். ரெண்டும் சேர்த்துக் குடுத்தா கேக்கவே தேவையில்லை."

"தம்பி, பொறும் அப்பன். இதென்ன, பன்ரண்டா இருபத்துநாலா?"

"இருபத்துநாலுதான் அக்கா. ஆனா ஒரு செக்கன் தானே."

"ஒரு செக்கனும் வேண்டாம். ஒரு பற்றறியைக் கழட்டி இறக்கித் தருவீரோ?"

அவன் சிரித்தான். "அது நல்ல யோசினைதான்" என்று சாவிக்குறடை எடுத்தான். லொறியின் எஞ்சினை நிறுத்தி, முதலில் உடற்சட்டத்துக்குப் போகும் மறை வயரைக் கழற்றி, பிறகு இரண்டு பற்றறிகளுக்கும் இடையில் உள்ள கட்டு வயரைக் கழற்றி, ஒரு பற்றறியை இறக்கினான். லொறிப் பற்றறி லேசுப்பட்ட பாரமில்லை. இரண்டு பேராகத்தான் தூக்கினோம். கழற்றிய பிறகு அது லொறிப் பற்றறி அல்ல, வெறும் 12 வோல்ற் பற்றறி. காருக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்துக் கேபிள் கொடுத்தோம். ஆறேகாலுக்குக் கார் வெளிக்கிட்டது. அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தனுப்பினோம்.

இரண்டையும் கழற்றாமல், லொறியில் இருக்கும் இரண்டில் ஒன்றின் முனைகளில் மட்டும் கேபிளைப் பிடித்து 12 வோல்ற் எடுக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. எந்தப் பற்றறியின் மறை முனை உடற்சட்டத்தோடு இணைந்திருக்கிறது என்பது தெரிந்த மெக்கானிக், எஞ்சினை நிறுத்திவைத்துச் செய்யலாம். விடியப்புறம், ரோச் வெளிச்சத்தில், பதற்றத்தோடு நிற்கும் நாங்கள் செய்யக்கூடாது. பற்றறி மாறிப் பிடிபட்டால் 24 வோல்ற் அப்படியே காருக்குள் வந்துவிடும்.

உயிருக்கு ஆபத்தான அவசரமென்றால் காரோடு மினக்கெடவே வேண்டாம். 1990 இலக்கத்துக்கு எடுத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2018 இல் வடக்குக்கும் வந்த சேவை அது.

சரி, பக்கத்து வண்டியில் இருப்பது எந்த வகை என்று எப்படி அறிவது? முதலில் சாரதியைக் கேளுங்கள். அநேகமாக அவருக்குத் தெரிந்திருக்கும். பிறகு கண்ணால் பாருங்கள். ஒன்றின் + முனையிலிருந்து மற்றதன் − முனைக்கு ஒரு கட்டையான தடித்த வயர் போனால் அது 24. +இலிருந்து +க்கும், −இலிருந்து −க்கும் வயர் போனால் 12. என்னுடைய வானில் இரண்டு பற்றறிகளும் எஞ்சினின் இரண்டு பக்கமாகத் தள்ளித் தள்ளி இருக்கின்றன. வயர் எங்கே போகிறதென்று கண்ணால் தொடர முடியாது. இப்படிப்பட்ட வண்டிகளுக்கு ஒரு மல்ரிமீற்றர் நல்லது. மலிவானதே போதும். கறுப்புக் குச்சியை எஞ்சினின் பூச்சில்லாத இரும்பில் வைத்து, சிவப்புக் குச்சியால் ஒவ்வொரு பற்றறியின் + முனையையும் தொட்டுப் பாருங்கள். இரண்டிலும் 12 சொச்சம் காட்டினால் பயமில்லை. ஒன்றில் 12உம் மற்றதில் 25 அளவிலும் காட்டினால் அது தொடர் இணைப்பு; கேபிளைச் சுருட்டி வையுங்கள். அதே மீற்றர் உங்கள் காரின் நோயையும் சொல்லும். ஓடாமல் நிற்கும் வண்டியில் நிறைந்த பற்றறி 12.6 அளவில் காட்டும். 12க்குக் கீழே இறங்கியிருந்தால் கிட்டத்தட்ட வெறும் பற்றறிதான்.

இரண்டு பற்றறியுள்ள இன்னொரு வண்டியும் எங்கள் ஊரில் சுற்றுகிறது. கோவில் திருவிழா, மரண அறிவித்தல் என்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வரும் வண்டியைத்தான் சொல்லுகிறேன். இதில் ஒரு பற்றறி எஞ்சினுக்கு, மற்றது ஒலிபெருக்கிக்கு. இரண்டும் 12 வோல்ற்தான் என்றாலும் நாள் முழுக்கப் பேசிக் களைத்த இரண்டாவது பற்றறியில் கேபிளைப் பிடிக்காதீர்கள். அதற்கு வரும் வயரும் பெரும்பாலும் மெல்லியது. ஸ்ரார்ட்டர் இழுக்கும் மின்னோட்டம் நூற்றுக்கணக்கான அம்பியர். அந்த வயர் சூடாகித் தோல் உருகும். பொனற்றைத் திறக்கச் சொல்லி, எஞ்சினுக்குரிய பற்றறியிலேயே பிடியுங்கள்.

ஹைபிரிட் கார்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிறியஸ், அக்குவா என்று ஒழுங்கைக்கு ஒன்று நிற்கிறது. அவற்றிலும் இரண்டு பற்றறிகள். ஒன்று வழமையான சிறிய 12 வோல்ற். மற்றது காரை ஓட்டும் பெரிய பற்றறி: 2009 இல் வந்த பிறியஸில் 201.6 வோல்ற், அக்குவாவில் 144 வோல்ற். செம்மஞ்சள் நிறத் தடித்த வயர்கள் அதற்குரியவை. அவற்றைத் தொடவே கூடாது. தொட்டால் உயிர் போகலாம். "பெரிய பற்றறி இருக்கிறதே, எங்கள் காருக்குக் கொஞ்சம் தரட்டுமே" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேறு உலகம். அதிலிருக்கும் 12 வோல்ற் பற்றறியோ காரின் கணினிகளை எழுப்புவதற்கு மட்டும் வைத்த சிறியது. இன்னொரு காரின் ஸ்ரார்ட்டரைச் சுற்றும் வேலை அதற்கு உரியதல்ல. கேபிள் நிறம் மாறினால் சேதமும் பெரிது. ஆகவே ஹைபிரிட் வாங்கலாம், கொடுக்கக்கூடாது என்பது என் கருத்து. பிறியஸுக்கு நீங்கள் கொடுக்கும்போது, பற்றறி பின்பக்கம் இருந்தாலும், முன் பொனற்றுக்குள் பியூஸ் பெட்டியில் சிவப்பு மூடிக்குக் கீழே அதற்கென்று ஒரு நேர் முனை வைத்திருக்கிறார்கள். அண்மைக்கால வகன் ஆர் சிலவற்றில் முன் இருக்கைக்குக் கீழே ஒரு லிதியம் பற்றறி இருக்கிறது. அதையும் சீண்ட வேண்டாம்.

பழைய கார் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் இவ்வளவு காலம் உயிரோடு இருந்ததற்குப் போர்க்காலமும் ஒரு காரணம். 1990களில் மின்சாரமில்லை, பெற்றோலும் பற்றறியும் தடைப்பட்ட பொருட்கள். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் எடுத்துவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்கள் பலவற்றில் பற்றறியின் நேர் முனையைத்தான் உடற்சட்டத்துக்குக் கட்டியிருப்பார்கள். இன்றைய கார்களில் மறை முனை. இது தெரியாமல் "கறுப்பைப் பொடியில் பிடி" என்ற இன்றைய முறையைப் பழைய காரில் செய்தால், சிவப்பும் கறுப்பும் ஒரே இடத்தில் சந்தித்துவிடும். இரண்டு கார்களும் பம்பரோடு பம்பர் முட்டினாலே போதும், தீப்பொறி பறக்கும். சில கார்களைப் பிற்காலத்தில் மாற்றியிருக்கிறார்கள், சிலவற்றை மாற்றவில்லை. ஆகவே மொறிஸ் மைனருக்குக் கேபிள் கொடுக்காமல் தள்ளுங்கள். அது தள்ளினால் எழும்பும் சாதி. ஓட்டோமற்றிக் கியர்க் காரும் ஹைபிரிட்டும் தள்ளி எழும்பா.

இனி முறையைச் சொல்லுகிறேன். 12 வோல்ற்றிலிருந்து 12 வோல்ற்றுக்கு, மறை முனை உடற்சட்டத்தில் உள்ள இரண்டு வண்டிகளுக்கு மாத்திரம் இது பொருந்தும். உங்கள் காரின் கைநூலில் வேறாகச் சொல்லியிருந்தால் கைநூல் சொல்வதே சரி.

கேபிளைத் தொடுவதற்கு முன் உங்கள் கையையும் கழுத்தையும் பாருங்கள். இதை ஆண்கள் எழுதும் கைநூல்களில் இவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. காப்பு, மோதிரம், மணிக்கூட்டுச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றுங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் சட்டைக்கு உள்ளே விட்டு, மேலே துவாய் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். குனியும்போது தொங்கும் கொடி நேர் முனையிலும் பக்கத்து இரும்பிலும் ஒன்றாகப் பட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் பொன் பழுத்துத் தோலோடு ஒட்டிவிடும். 12 வோல்ற் ஷொக் அடிக்காது என்பது உண்மை. சுடாது என்று யாரும் சொல்லவில்லை. தலைமயிரை முடிந்துகொள்ளுங்கள். சேலைத் தலைப்பையும் ஷோலையும் இடுப்பில் செருகுங்கள். எஞ்சின் ஓடும்போது முன்னால் பெல்ற்றும் காற்றாடியும் சுழல்கின்றன.

பற்றறியைப் பாருங்கள். வீங்கியிருந்தால், வெடித்திருந்தால், கசிந்திருந்தால் கேபிள் கொடுக்கவே வேண்டாம். தண்ணீர் விடும் வகையென்றால் உள்ளே தகடுகள் மூடியிருக்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். கிட்ட நெருப்புக்குச்சி, சுருட்டு, குப்பிவிளக்கு ஒன்றும் கூடாது. அமிலம் தோலில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நீண்ட நேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இருபது நிமிடமாவது கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பருத்திச் சட்டையில் தெறித்தது அன்று தெரியாது. அடுத்த தோய்ப்பில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று முட்டாமல் கேபிள் எட்டும் தூரத்தில் நிற்கட்டும். ஹான்ட்பிரேக் போட்டு, கியரை நியூற்றலில் விட்டு, ஓட்டோமற்றிக் என்றால் 'பி'யில் விட்டு, விளக்கு, ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இரண்டு எஞ்சின்களும் நின்றிருக்க வேண்டும். சிவப்புக் கிளிப்பை முதலில் இறங்கிய பற்றறியின் + முனையில் பிடியுங்கள். சிவப்பின் மறு நுனியை உதவி செய்யும் வண்டியின் + முனையில். என்னுடையது போல இரண்டு பற்றறிகள் சமாந்தரமாக இருந்தால் ஸ்ரார்ட்டருக்கு வயர் போகும் பிரதான பற்றறியில் பிடிப்பது நல்லது; மற்றது தானாகவே துணைக்கு வரும். பிறகு கறுப்புக் கிளிப்பை உதவி செய்யும் பற்றறியின் − முனையில். கடைசிக் கறுப்பை இறங்கிய பற்றறியில் பிடிக்காதீர்கள். அந்தக் காரின் எஞ்சினில், பற்றறிக்குத் தூரமான, பூச்சில்லாத தடித்த இரும்பில் பிடியுங்கள். கடைசி இணைப்பில் ஒரு சிறு பொறி வரத்தான் செய்யும். அது வாயு வரும் இடத்தில் வராமல் இருப்பதற்குத்தான் இந்தத் தூரம். முழு வேலையிலும் உயிர்நிலை இதுதான்.

உதவி செய்யும் வண்டியை ஸ்ரார்ட் செய்து ஐந்து நிமிடம் சற்றுக் கூடிய வேகத்தில் ஓடவிடுங்கள். பிறகு மற்றக் காரில் சாவியைத் திருப்புங்கள். ஒரு தடவைக்கு ஐந்து, ஆறு செக்கனுக்கு மேல் பிடிக்க வேண்டாம். வராவிட்டால் இரண்டு நிமிடம் பொறுத்து இன்னொரு தடவை. மூன்று தடவையிலும் வராவிட்டால் குறை வேறெங்கோ இருக்கிறது, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஸ்ரார்ட் வந்ததும் கேபிள்களைப் பூட்டியதற்கு நேர் எதிர் ஒழுங்கில் கழற்றுங்கள்: எஞ்சினில் பிடித்த கறுப்பு முதலில், இறங்கிய பற்றறியின் சிவப்பு கடைசியில். கழற்றும்போது கிளிப்புகள் ஒன்றோடொன்று தொட்டுவிடாமல் பார்க்க ஒருவர் பக்கத்தில் நிற்பது நல்லது.

கேபிள் வாங்கும்போது பாரத்தைக் கையில் தூக்கிப் பாருங்கள். மேலே தடித்த இறப்பரும் உள்ளே நூல் போல வயரும் உள்ளவைதான் கடைகளில் மலிவாகத் தொங்குகின்றன. கொடுக்கும்போது கேபிள் சுடத் தொடங்கினால் அது அந்த வகை. கையில் அடங்கும் லிதியம் ஸ்ரார்ட்டர் பெட்டிகளும் இப்போது கிடைக்கின்றன. தனியே காரோட்டும் சகோதரிகளுக்கு என் சிபாரிசு அதுதான். யாருடைய லொறியையும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மாதம் ஒரு தடவை அதற்குச் சார்ஜ் ஏற்றி வைத்தால் சரி.

கடிதம் எழுதிய சகோதரி, உங்கள் காரின் பற்றறி பழுதென்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். 2020 இல் ஊரடங்கிலும், 2022 இல் பெற்றோல் வரிசைக் காலத்திலும் வாரக்கணக்கில் நின்ற கார்கள் எல்லாம் இப்படித்தான் படுத்தன. காரைப் பூட்டி வைத்தாலும் மணிக்கூடும் திருட்டு அலாரமும் துளித் துளியாகக் குடித்துக்கொண்டே இருக்கும். சும்மா ஸ்ரார்ட் செய்து ஐந்து நிமிடம் முற்றத்தில் உறுமவிட்டு நிறுத்துவதால் பலனில்லை. ஸ்ரார்ட் எடுக்கச் செலவானதே அதற்குள் திரும்பிச் சேராமல் போகலாம். கிழமைக்கு ஒரு தடவை அரை மணித்தியாலம் ஓட்டுங்கள். மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சாமான் வாங்கித் திரும்பினால் காணும். ஒரு மாதத்துக்கு எடுக்கவே மாட்டீர்களென்றால் மறை முனையின் கிளாம்பை மட்டும் கழற்றி, துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். மீண்டும் பூட்டும்போது மணிக்கூட்டை வைக்க வேண்டிவரும். சில கார்களில் ரேடியோ இரகசிய இலக்கம் கேட்கும், அதை முதலே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தும் திரும்பத் திரும்ப இறங்கினால் பற்றறிக் கடையில் சோதிக்கச் சொல்லுங்கள். எங்கள் வெக்கையில் ஒரு பற்றறி மூன்று, நான்கு வருடம் உழைத்தால் அது தன் கடமையைச் செய்துவிட்டதென்றுதான் கணக்கு. பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். வளவு மூலையில் போட்டால் ஈயமும் அமிலமும் கிணற்றுக்குத்தான் போகும்.